கட்டவிழ்க்கும் கைகள்

பள்ளிக்கூடத்தில் நயம் பாராட்டச் சொன்னால் கையில் ஒரு பாட்டைக் கொடுத்துத்தான் சொல்வார்கள். எதுகை, மோனை, சந்தம், அணி என்று உள்தலைப்புப் போட்டு எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். ஒரு பழைய அரசாங்கக் கோப்பை மேசையில் வைத்து, இதன் நயத்தைப் பாராட்டுக என்று கேட்டிருந்தால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கோப்பிலும் நயம் உண்டு. அதைவிட, அந்தக் கோப்பைத் தொடவும் பிரிக்கவும் செப்பனிடவும் அதற்கு ஒரு வரி விவரம் எழுதவும் பழகுகிற இளம் கைகளில் இருக்கும் நயம் எனக்கு இன்னும் பிடித்தமானது.

சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே, காந்தி இர்வின் சாலையில் செந்நிறச் சுவர்களோடு நிற்கிறது தமிழ்நாடு ஆவணக் காப்பகம். ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அதைப் பார்க்காமலே கடந்தவர்கள்தான் நம்மில் அதிகம். 1909இல் மதராஸ் ரெக்கார்டு ஆபீஸ் என்று தொடங்கி, 1973இல் இன்றைய பெயரைப் பெற்றது. 1670களில் புனித ஜார்ஜ் கோட்டையில் எழுதிய ஆலோசனைக் குறிப்பேடுகள், ரெவின்யூ போர்டு நடவடிக்கைகள், இனாம் பதிவேடுகள், கொச்சியிலிருந்து வந்து சேர்ந்த டச்சு ஆவணங்கள், கணக்கில் அடங்காத அரசாணைகள் எல்லாம் அங்கே அடுக்கடுக்காக இருக்கின்றன. இது போன்ற காப்பகங்களுக்கு வரலாறோ நூலக அறிவியலோ படிக்கும் மாணவர்கள் பயிற்சிக்கு வருவதுண்டு. சான்றிதழ் கிடைத்தால் போதும் என்று வருகிறவர்களும் இருப்பார்கள். அதில் குற்றம் ஒன்றுமில்லை. வந்தவர்களை வேலை மெல்ல மெல்லத் தன் வசமாக்கிக்கொள்ளும் விதம்தான் பார்க்க அழகு. வாருங்கள், அவர்கள் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்சம் பார்ப்போம்.

முதலில் முடிச்சு. பழைய கோப்புகள் கட்டாகத்தான் வரும். மேலும் கீழும் அட்டை, நடுவில் தாள்கள், குறுக்கே நாடா. அரசாங்கத்தில் காரியம் இழுபட்டால் நாம் திட்டித் தீர்க்கிறோமே சிவப்பு நாடா, அது இந்த வகை நாடாதான். பாவம், அது செய்த நன்மையை யாரும் சொல்வதில்லை. சணல் கயிறு தாளின் ஓரத்தை அறுக்கும். தட்டையான பருத்தி நாடா அறுக்காது. ஈரம் பட்டால் சாயம் இறங்கிவிடும் என்பதால் இப்போது சாயம் ஏற்றாத வெள்ளை நாடாவை விரும்புகிறார்கள். புதிதாக வந்தவர் நாடாவின் நுனியைப் பிடித்துச் சரக்கென்று இழுக்கப் போவார்.

"தம்பி, இழுக்காதீங்க, அவிழுங்க" என்பார் பக்கத்திலிருக்கும் பழைய ஊழியர். "நூத்தைம்பது வருஷமா கட்டுலயே இருக்கு. அஞ்சு நிமிஷம் கூட இருந்தா ஒண்ணும் ஆகாது."

"சரிங்கய்யா."

அந்தச் ‘சரிங்கய்யா’வுக்குப் பிறகு விரல்களில் வரும் மாற்றத்தைக் கவனியுங்கள். ஒரு கை கட்டை மேசையோடு அணைத்துப் பிடிக்கிறது. மறு கையின் ஆட்காட்டி விரல் முடிச்சின் தளர்ந்த மடிப்பைத் தேடிப் போகிறது. முடிச்சு நெகிழ்கிறது, தாள்கள் ஒரு பெருமூச்சு அளவுக்கு மேலெழுகின்றன. திரும்பக் கட்டும்போது முடிச்சு தாளின் மேல் அழுந்தாமல் அட்டையின் விளிம்பில் வந்து உட்கார வேண்டும். இழுத்தால் உருவிக்கொள்ளும் முடிச்சாகவும் இருக்க வேண்டும், அடுத்து அவிழ்க்கப் போகிறவர் இன்னும் பிறக்காதவராகக்கூட இருக்கலாம் அல்லவா?

இன்னொன்று. சினிமாவில் பழைய ஏட்டைத் தொடுபவர்கள் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு வருவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். தாளுக்கு அது ஆகாது. துணிக்குள் புதைந்த விரலுக்குத் தாளின் மென்மை தெரியாது. நைந்த ஓரத்தில் நூல் மாட்டிக் கிழியும். கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வெறுங்கையால் தொடுவதே இன்று பல காப்பகங்களின் வழக்கம். உள்ளங்கையைத் தாளின் அடியில் கொடுத்து மெதுவாகப் புரட்டும் அந்த அசைவில் ஒரு பணிவு இருக்கிறது. யாரும் பாடமாகச் சொல்லிக் கொடுப்பதில்லை. தாளே கற்றுக் கொடுத்துவிடுகிறது.

தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பது அடுத்த பாடம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியத் தாளைச் சன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் நெருக்கமான மெல்லிய கோடுகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற இடைவெளிக் கோடுகளும் தெரியும். கூழை அள்ளிய கம்பிச் சல்லடையின் தடம் அது. நடுவில் நீர்க்குறி. கேடயத்தோடு அமர்ந்திருக்கும் பிரிட்டானியா உருவமோ, தாள் செய்தவரின் பெயரோ இருக்கும். 1794இல் வந்த ஒரு வரிச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்துத் தாள் ஆலைகள் ஆண்டையும் நீர்க்குறியில் சேர்த்தன. ஆகவே தேதி போடாத கடிதம் ஒன்று கிடைத்தால் மாணவர் உதட்டைப் பிதுக்க வேண்டியதில்லை. தாளைத் தூக்கிப் பிடித்தால் போதும். இந்த ஆண்டுக்கு முன்னால் இது எழுதப்பட்டிருக்க முடியாது என்று தாள் தானே சாட்சி சொல்லும். மேற்பரப்பில் குமாஸ்தாவின் எழுத்து, உள்ளுக்குள் தாள் செய்தவரின் எழுத்து. ஒரே தாளில் இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டாமவரைப் பார்க்க வெளிச்சம் வேண்டும்.

அந்தத் தாள் பழந்துணியிலிருந்து செய்தது. கிழிந்த பருத்தியையும் சணலாடையையும் ஊறவைத்து இடித்த கூழ். முந்நூறு ஆண்டு ஆனபின்பும் விரலில் சுண்டினால் கலகலவென்று ஒலி வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழ்த் தாள் வந்ததும் கதை மாறியது. அதில் உள்ள அமிலமும் லிக்னினும் தாளை உள்ளிருந்தே தின்கின்றன. பழுப்பேறி, மடித்த இடத்தில் ஒடிகிறது. கும்பினிக் காலத்துத் தாள் கம்பீரமாக இருக்க, 1930களின் தாள் தொட்டால் உதிர்வதைக் கண்டு மாணவர்கள் திகைப்பார்கள். வயதில் சிறியதுதான் உடலில் மூத்தது. மடித்தே கிடந்த அந்தத் தாளை வாழைக்குருத்தைப் பிரிப்பது போலத்தான் பிரிக்க வேண்டும், நரம்போடு போய், நரம்பு விடுகிற அளவுக்கு மட்டும்.

மையைப் பற்றிச் சொல்லாமல் நகர எனக்கு மனம் வராது. மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின். நாட்டு மருந்துக்கடைப் பட்டியல் போலத் தோன்றும் இந்த மூன்றையும் நீரில் கரைத்தால் ஐரோப்பா பல நூற்றாண்டு எழுதிய கறுப்பு மை கிடைக்கும். எழுதும்போது வெளிறியிருக்கும், காற்றுப் பட்டதும் கறுக்கும், நூறாண்டு கழிந்தால் பழுப்பாகும். அழகான மை, ஆனால் கொடியது. அன்னபேதியில் உள்ள இரும்பும் உடன் வரும் அமிலமும் தாளை அரிக்கும். பேனா அழுந்திய தடித்த கோடுகள் முதலில் பிளந்து விழும், மயிரிழைக் கோடுகள் தங்கும். ஒரு எழுத்து இருந்த இடத்தில் அதே எழுத்தின் வடிவில் ஓட்டை இருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? பின்னால் வெள்ளைத் தாளை வைத்தால் அந்த ஓட்டையையும் வாசிக்கலாம். மை போய்விட்டது, சொல் போகவில்லை. சில கடிதங்களில் மை காயத் தூவிய மணலின் துகள்கள் இன்னமும் ஒட்டிக்கொண்டிருக்கும். தாளைச் சாய்த்தால் மினுங்கும். தூசி தட்டும் மாணவியின் மென்தூரிகை அந்த இடம் வந்ததும் நின்றுவிடுகிறது. அழுக்கை எடுக்கலாம், அந்த மணலை எடுக்கலாமா? பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சரியான முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பூச்சிகளுக்கும் ஒரு கையெழுத்து உண்டு. வெள்ளிமீன் மேலாக மேயும். தாளின் பசைப்பூச்சைச் சுரண்டி மேற்பரப்பை மெலியவைக்கும். கரையான் கேள்வி கேட்காது, சேற்றைப் பூசிக்கொண்டு ஓரத்திலிருந்து தின்று வரும். இராமபாணம்தான் கலைஞன். பெயருக்கு ஏற்றபடி ஒரு தாளில் நுழைந்து வட்டத் துளையாக நேரே போய், கட்டையே துளைத்துக் கடக்கும். இதில் ஒரு வியப்பு உண்டு. கட்டு அவிழ்ந்து வரிசை குலைந்த தாள்களை மேசையில் பரப்பி, துளைக்குத் துளை பொருத்திப் பார்த்தால் எந்தத் தாளுக்கு அடுத்து எந்தத் தாள் இருந்தது என்று தெரிந்துவிடும். பக்க எண் போடாமல் போன குமாஸ்தாவின் குறையைப் பூச்சி தீர்த்துவைத்திருக்கும். கெடுக்க வந்தது சாட்சியாக நிற்கிற இந்த வேடிக்கையைச் சொன்னால் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் முகத்தில் வரும் சிரிப்பு தனி. பூஞ்சை பிடித்த தாளுக்குத் தைமால் புகை காட்டுவது பழைய முறை. மூடிய பெட்டிக்குள் மின்விளக்குச் சூட்டில் அது ஆவியாகும். நம் வீட்டு ஓமத்தில் இருக்கும் அதே பொருள்தான் தைமால்.

இனி செப்பனிடும் மேசை. இங்கே அவசரமே வேண்டாம், நின்று பார்க்க வேண்டிய இடம்.

பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு தாளிலும் பென்சிலால், மூலையில், சின்னதாக எண் இடுகிறார்கள். துருப்பிடித்த குண்டூசியைப் பிடுங்குவதில்லை. தாளைத் தளர்த்தி ஊசியை விடுவிக்கிறார்கள். பிறகு ஒரு சோதனை. எழுத்தின் மேல் ஊசிமுனை அளவு நீர்த்துளி ஒன்றை வைத்து, ஒற்றுத்தாளால் ஒற்றி எடுக்கிறார் மாணவி. ஒற்றுத்தாளில் நிறம் ஏறியதா என்று அறையில் உள்ள எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஏறவில்லை என்றால்தான் தாளை நீரில் இறக்கலாம். அமிலம் போக்கச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பது பழகிய வழி. தெளிந்த சுண்ணாம்பு நீர், அவ்வளவுதான். பழுப்பேறிய தாள் தட்டில் மிதக்கும்போது அதிலிருந்து தேநீர் நிறத்தில் அழுக்கு மெல்லக் கலைந்து இறங்கும். தாள் நீருக்குள்ளேயே கொஞ்சம் வெளுத்து, கொஞ்சம் நெகிழ்ந்து, விறைப்பை விடுகிறது.

கிழிசலுக்கு ஒட்டுப்போட ஜப்பானிய மெல்லிழைத் தாள். ஒரு வகை முசுக்கட்டை மரத்தின் பட்டையிலிருந்து வரும் நீண்ட நார்கள் அதற்கு வலு. கண்ணுக்கு எதிரே பிடித்தால் அந்தப் பக்கம் இருப்பவர் முகம் தெரியும். இதைக் கத்தரியால் வெட்ட மாட்டார்கள். ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டோடு இரு பக்கமும் மெல்ல இழுத்துப் பிரிப்பார்கள். வெட்டிய ஓரம் கூராக நிற்கும், பின்னாளில் அந்த விளிம்பிலேயே தாள் ஒடியும். இழுத்துப் பிரித்த ஓரத்தில் நார்கள் நுனிநுனியாக நீண்டிருக்கும். பசை பட்டதும் அவை பழந்தாளின் நார்களோடு பின்னிக்கொள்கின்றன. தைத்த தையல் தெரியாமல், அதே சமயம் மறைக்கப்படாமலும், ஒரு நிழல் போல ஒட்டு அங்கே இருக்கிறது. பசைகூட மாவுப் பசைதான். மைதாவைக் காய்ச்சி, பூச்சி வராமல் இருக்கக் கிராம்பு எண்ணெய் சேர்ப்பது நம் நாட்டுக் காப்பகங்களில் நெடுநாள் வழக்கம். அறை முழுக்க அந்த மணம் தங்கிவிடும்.

இந்த மேசையின் உயர்ந்த நாகரிகம் எது என்று கேட்டால், திரும்பப் பெற முடிகிறதை மட்டுமே செய்வது என்பேன். மாவுப் பசையை நாளை ஈரம் காட்டிக் கழற்றலாம். பிசின் நாடாவைக் கழற்ற முடியாது. அதனால்தான் யாரோ எப்போதோ நல்லெண்ணத்தில் ஒட்டிவிட்டுப் போன ‘செல்லோ டேப்’பைக் கண்டால் பழைய ஊழியர்களுக்கு வயிறு எரிகிறது. ஒரு காலத்தில் நொறுங்கும் தாளின் இரு புறமும் செல்லுலோஸ் அசிட்டேட் படலம் வைத்து, அசிட்டோனால் கையாலேயே ஒட்டிப் பாதுகாத்தார்கள். எந்திரம் வாங்க வசதியில்லாத காப்பகங்களுக்குக் கைகொடுத்த அந்த முறை டெல்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உருவானது. சிஃபான் பட்டுத் துணியை இருபுறமும் ஒட்டிக் காத்ததும் உண்டு. இன்றைய மாணவர்கள் அந்தப் பழைய செப்பனிடல்களையும் மரியாதையோடு கையாளப் பழகுகிறார்கள். முந்தைய தலைமுறை தன்னிடம் இருந்ததைக் கொண்டு காப்பாற்றியது; அதனால்தான் இவர்கள் குறை சொல்லவாவது தாள் மிஞ்சியிருக்கிறது.

தாள் நிமிர்ந்ததும் கண்ணுக்கு வேலை. தேதியைக் குறிக்க வேண்டும். கேட்க எளிது. ஆங்கிலேயர் 1752 வரை பழைய நாட்காட்டியில் இருந்தார்கள். அவர்களுடைய ஆண்டு மார்ச் 25ஆம் தேதிதான் பிறந்தது. ஆகவே கோட்டைக் குறிப்பேட்டில் 1678 ஜனவரி என்றிருந்தால் நம் கணக்கில் அது 1679 ஜனவரி. பழவேற்காட்டில் இருந்த டச்சுக்காரர்களோ புதிய நாட்காட்டிக்காரர்கள், பத்து நாள் முன்னால் இருந்தார்கள். அங்கிருந்து 15ஆம் தேதியிட்டுப் புறப்பட்ட கடிதம் சென்னைக் கோட்டைக்கு 7ஆம் தேதியே வந்து சேரலாம். எழுதுவதற்கு முன்பே வந்துவிட்ட கடிதம்! இதைப் பார்த்த முதல் நாள் குழம்பாத மாணவர் இல்லை. இரண்டாம் நாள் ரசிக்காதவரும் இல்லை.

வருவாய்க் கணக்கு என்றால் பசலி ஆண்டு. ஜமாபந்திக்குப் போனவர்களுக்கு அது இன்றும் பழகிய சொல்தான். பசலியோடு 590ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு; பசலி 1271 என்றால் 1861 ஜூலை முதல் 1862 ஜூன் வரை. கிராமக் கணக்குகளில் தமிழ் எண்கள் வரும். ஒன்று என்பது க போலவே இருக்கும், இரண்டு உ போல, எட்டு அ போல. சொல்லா எண்ணா என்று தெரியாமல் ஒரு வரியில் கால் மணி நேரம் நின்றுவிடுவார்கள். அதற்கு மேல் பின்னங்கள்: இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்று இருபதில் ஒன்று முந்திரி. நிலத்தை முந்திரி வரைக்கும் பிளந்து எழுதிய கணக்கப்பிள்ளையின் துல்லியத்தின் முன், கைபேசியில் கால்குலேட்டர் வைத்திருக்கும் பிள்ளைகள் சற்று வாயடைத்துத்தான் போகிறார்கள்.

வரிசையைக் கலைக்காதே என்பது காப்பகக் கலையின் ஆதார விதி. எந்த அலுவலகத்தில் எந்த வரிசையில் ஒரு கோப்பு வாழ்ந்ததோ அந்த வரிசையிலேயே அது இருக்க வேண்டும். 1898இல் மூன்று டச்சுக் காப்பாளர்கள் சேர்ந்து எழுதிய கையேடு இதைத் திட்டமாக எழுதிவைத்தது. பொருள்வாரியாகப் பிரித்து அழகாக அடுக்கலாமே என்று எந்த மாணவருக்கும் முதலில் தோன்றும். 1746ஐ அடுக்கில் பார்த்தால் அந்த ஆசை போய்விடும். அந்த ஆண்டு செப்டம்பரில் சென்னைக் கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போயிற்று, 1749இல்தான் திரும்பியது. தலைமையிடம் கடலூர்ப் பக்கத்துப் புனித டேவிட் கோட்டைக்கு மாறி 1752 வரை அங்கேயே இருந்தது. சென்னை வரிசை சட்டென்று அறுந்து, கடலூர் வரிசை தலைமையின் குரலில் பேசத் தொடங்குகிறது. அலமாரியில் அந்த இடைவெளியே ஒரு போரைச் சொல்கிறது. பொருள்வாரியாக அடுக்கியிருந்தால் அந்த மௌனம் காணாமல் போயிருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிரியமான இடத்துக்கு வருகிறேன். அட்டவணை வரி. ஒரு கோப்பு முழுவதையும் ஒரு வரிக்குள் சொல்லிவிட வேண்டும். இருநூறு பக்கமானாலும் ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு. அதைப் படிப்பவர் கோப்பை வரவழைக்கலாமா வேண்டாமா என்று அங்கேயே முடிவுசெய்ய வேண்டும். வெண்பாவுக்கு உள்ள கட்டுப்பாடு இதற்கும் உண்டு என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். எனக்குத் தோன்றவில்லை.

ஒரு கோப்பைக் கற்பனை செய்துகொள்வோம். தஞ்சைப் பக்கத்து ஊர் ஒன்றின் மிராசுதார்கள் வாய்க்கால் தூர்ந்துவிட்டதென்று கலெக்டருக்குப் போட்ட மனு. மாணவர் முதலில் எழுதுவது: ‘வாய்க்கால் தொடர்பாக.’ தொடர்பாக என்ற அந்தச் சொல் அரசாங்கத் தமிழின் திண்ணை. எல்லோரும் வந்து உட்காரலாம், யாரும் வேலை செய்ய வேண்டாம். வாய்க்காலை வெட்டச் சொன்னார்களா, மூடச் சொன்னார்களா? யார் கேட்டது? திருத்துகிறார்: ‘வாய்க்காலைத் தூர்வாரக் கோரி மனு.’ பரவாயில்லை. யாருடைய மனு, யாருக்கு? ‘வாய்க்காலைத் தூர்வாரக் கோரி மிராசுதார்கள் தஞ்சை கலெக்டருக்கு அளித்த பரிதாபமான மனு.’ மூத்தவரின் பென்சில் ‘பரிதாபமான’ என்பதன் மேல் ஒரு மெல்லிய கோடு இழுக்கிறது. பரிதாபப்படுவது படிப்பவர் உரிமை. மாணவர் மறுபடி கோப்பைப் புரட்டுகிறார். கடைசிப் பக்கத்தில் போர்டின் முடிவு இருப்பதை இப்போதுதான் பார்க்கிறார். இறுதி வடிவம்: ‘சாகுபடிக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரக் கோரி மிராசுதார்கள் தஞ்சை கலெக்டருக்கு அளித்த மனு, செலவை ஏற்கக் கலெக்டர் பரிந்துரை, குடிமராமத்து என்று கூறி ரெவின்யூ போர்டு மறுப்பு.’

பாருங்கள். ஒரு ஊர் கேட்டது, ஒரு அதிகாரி இரங்கியது, மேலிடம் கைவிரித்தது, குடிமராமத்து, அதாவது ஊராரே செய்துகொள்ள வேண்டிய வேலை என்று அதற்குச் சொன்ன சாக்கு எல்லாம் அந்த வரியில் இருக்கின்றன. அடைமொழி ஒன்றுகூட இல்லை. பெயர்ச்சொற்கள் தம் இடத்தில் நிற்கின்றன. இரண்டு காற்புள்ளிகள் கதையின் இரண்டு திருப்பங்களைச் சுமக்கின்றன. சிறுகதை எழுத வருகிறவர்களை ஒரு மாதம் இந்த வரிகளை எழுதவைத்தால் நல்லது என்று எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம்.

இந்தக் கலைக்குச் சென்னையில் நல்ல முன்னோடிகள் உண்டு. ரெக்கார்டு ஆபீஸின் முதல் காப்பாளரான ஹென்றி டாட்வெல் 1740 முதல் 1744 வரையிலான ஆவணங்களுக்குத் தேதி வரிசையில் சுருக்கம் தொகுத்து 1917இல் வெளியிட்டார். ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பில் பிற்பகுதித் தொகுதிகளைப் பதிப்பித்தவரும் அவரே. அவருக்குப் பின்னர் அந்த நாற்காலியில் இருந்த பி. எஸ். பாலிகா, ஆவணங்களில் தோய்ந்த தம் அறிவை மாவட்டக் கையேடுகளாக ஆக்கினார். தஞ்சாவூர்க் கையேடு 1957இல் வந்தது. பெரிய வரலாறுகளுக்கு அடியில் இப்படி வரி வரியாகச் சுருக்கிய கைகளே இருக்கின்றன.

சொல்லைத் தேர்வதில் இன்னும் நுணுக்கமான ஓர் இடம் உண்டு. 1799இன் கோப்பு கட்டபொம்மனைக் கலகக்காரர் என்கிறது. குற்றப் பரம்பரைச் சட்டக் கோப்புகள் முழுச் சமூகங்களையே குற்றவாளிகள் என்கின்றன. மாணவர் என்ன எழுத வேண்டும்? அழித்துவிட்டு நல்ல சொல் போட்டால் அரசாங்கம் அன்று எப்படிப் பேசியது என்பது மறைந்துவிடும். தேடி வரும் ஆய்வாளருக்கு அந்தப் பழைய சொல்லே சாவி. அப்படியே எழுதினால் இன்றைய காப்பகமும் அதே பழியைச் சொல்வதாக ஆகிவிடும். ஆகவே மூலத் தலைப்பை மேற்கோள் குறிக்குள் உள்ளபடி வைக்கிறார்கள்; விவரத்தைத் தம் சொந்தச் சொல்லில், நிதானமாக எழுதுகிறார்கள். அந்த இரண்டு சின்னக் கொக்கிகள் எவ்வளவு பெரிய வேலையைச் செய்கின்றன! ‘இது அவர்கள் சொன்னது’ என்று தள்ளி நிற்கின்றன, ஒன்றையும் ஒளிக்கவும் இல்லை. இடப்பெயர்களிலும் இதே பக்குவம். திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும் காஞ்சிபுரம் ‘கஞ்சீவரம்’ என்றும் இருந்தால் இருந்தபடியே எழுதி, இன்றைய பெயரைப் பக்கத்தில் சேர்க்கிறார்கள். தாத்தா ஊரைத் தேடி ஒருவர் வந்தாலும் சரி, பழைய வரைபடத்தோடு ஒருவர் வந்தாலும் சரி, இருவருக்கும் கதவு திறக்கும்.

அனைத்துலகக் காப்பக மன்றம் வகுத்த விவரிப்பு நெறியில் 26 கூறுகள் உண்டு. குறியீட்டு எண், தலைப்பு, தேதி, அளவு என்று தொடங்கிப் போகும். கோப்பை உருவாக்கிய அலுவலகம் எது, அது எப்படி இங்கே வந்தது, எந்த மொழியில் எந்த எழுத்தில் இருக்கிறது, நகல் எங்கே இருக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் இடம். படிவம்தானே என்று அலட்சியமாக நிரப்பத் தொடங்குகிறவர்கள் ‘உடல்நிலை’ என்று பொருள்படும் கட்டத்துக்கு வந்ததும் தயங்குவார்கள். ‘மை அரிப்பு, தாள் 14 முதல் 20 வரை, ஓரம் நைந்தது, வாசிக்கலாம்’ என்று எழுதுவார்கள். அந்த ‘வாசிக்கலாம்’ என்ற சொல்லை எழுதுவதற்காக அத்தனை தாளையும் ஒருமுறை வாசித்திருப்பார்கள்.

26இல் கடைசி மூன்று கூறுகள் கோப்பைப் பற்றியவை அல்ல. விவரித்தவர் யார், எந்த விதிப்படி விவரித்தார், எந்தத் தேதியில் என்பவை. சில இடங்களில் பெயர் வரும், சில இடங்களில் முதலெழுத்து மட்டும். பயிற்சிக்கு வந்த மாணவி தன் முதலெழுத்துகளை எழுதுகிறாள், தேதியை இடுகிறாள். வரியில் பிழை கண்டு ஒருநாள் திருத்தப் போகிறவர் தம் தேதியை அதற்குக் கீழே போட்டுக்கொள்வார். அதற்கும் அந்தக் கட்டத்தில் இடம் விட்டிருக்கிறார்கள்.